விழுந்த லென்ஸும் நான் சொல்லாமல் விட்ட உண்மையும்



போன வாரம் பேத்தி கேமராவைக் கை தவறிக் கீழே போட்டுவிட்டாள். பதறிப்போய் லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், "கண்ணாடில ஒரு கீறல்கூட இல்ல தாத்தா, தப்பிச்சோம்" என்றாள். 1986இல் நானும் இதையேதான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். அது எவ்வளவு பெரிய தவறு என்று விளக்க, நானூறு வருடக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாத்தியார் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்துக் கலிலியோ அருங்காட்சியகத்தில் உடைந்த லென்ஸ் ஒன்று இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். 1610 ஜனவரியில் வியாழனின் நான்கு நிலவுகளைக் கலிலியோ கண்டது இதன் வழியாகத்தான். பிற்பாடு அது தற்செயலாக உடைந்துபோனது. 1677இல் மெடிசி அரச குடும்பத்தார் விட்டோரியோ குரோஸ்டன் என்ற கைவினைஞரைக் கொண்டு தந்தத்தில் அழகான சட்டம் செய்து, அதில் இந்த லென்ஸைப் பதித்து வைத்தார்கள். பழுது பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. குறுக்கே விரிசல் ஓடிய லென்ஸை ஒட்டினாலும் ஒளி பழையபடி போகாது. உடைந்தால் உடைந்ததுதான்.

அந்தத் தொலைநோக்கியின் முன்பக்கத்தில் இருந்தது ஒரே கண்ணாடி. ஒற்றைக் கண்ணாடியில் பிம்பத்தின் ஓரங்களில் வண்ணங்கள் பிரிந்து தெரியும். பத்தாம் வகுப்பில் முப்பட்டகம் வைத்துக் காட்டினேனே, அதே சமாச்சாரம். இதைச் சரிக்கட்ட, இருவகைக் கண்ணாடிகளைச் சேர்த்து லென்ஸ் செய்யும் முறைக்கு லண்டனில் ஜான் டாலண்ட் 1758இல் காப்புரிமை வாங்கினார். புகைப்படக்கலை பிறந்தபின், 1840இல் வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர் கணக்குப் போட்டு, நான்கு கண்ணாடிகள் கொண்ட உருவப்பட லென்ஸை வடிவமைத்தார். 1902இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் வடிவமைத்த டெஸ்ஸார் லென்ஸில் நான்கு கண்ணாடிகள் மூன்று தொகுதிகளாக நின்றன. கண்ணாடிகளை ஒன்றோடொன்று ஒட்டக் கனடா பால்சம் என்ற மரப்பிசினை நெடுங்காலம் பயன்படுத்தினார்கள். கண்ணாடியைப் போலவே ஒளியை வளைக்கும் பிசின் அது. அதனால் ஒட்டிய இடமே தெரியாது.

படம் தெளிவானது. கூடவே ஒரு புதுச் சிக்கலும் வந்தது. பல கண்ணாடிகளின் மையங்களும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஒன்று தலைமுடி கனத்துக்குச் சாய்ந்தாலே போதும், படத்தின் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் விழும். கலிலியோ காலத்தில் கண்ணாடி உடைந்தால்தான் லென்ஸ் கெடும். பிற்காலத்தில் கண்ணாடி உடையாமலே லென்ஸ் கெட்டது.

சொல்லப்போனால், கண்ணாடியில் படும் காயம் நாம் பயப்படும் அளவுக்குப் பெரிதல்ல. 1970 பிப்ரவரியில், அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து மெக்டொனால்ட் வானாய்வகத்தில், ஊழியர் ஒருவர் 107 அங்குலத் தொலைநோக்கியின் ஆடியைக் கைத்துப்பாக்கியால் ஏழு முறை சுட்டுவிட்டார். அந்தப் பள்ளங்களைச் சீராக்கிக் கறுப்பு பூசினார்கள். ஒளி துளி குறைந்ததே தவிர, தொலைநோக்கி தொடர்ந்து வேலை செய்தது. லென்ஸின் முன்கண்ணாடியில் சின்னச் சில்லு தெறித்தாலும், பழைய ஆட்கள் அந்த இடத்தில் கறுப்பு மை தொட்டுவைத்துப் பயன்படுத்துவார்கள். குண்டு துளைத்தாலும் தாங்கும், இடம் பிசகினால் தாங்காது.

இனி 1986க்கு வருகிறேன். அப்போது என்னிடம் ரஷ்யத் தயாரிப்பான ஜெனித் கேமரா இருந்தது. அதன் ஹீலியோஸ் லென்ஸுக்குள் ஆறு கண்ணாடிகள், நான்கு தொகுதிகள். கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பள்ளிச் சுற்றுலா போனபோது, கோயில் படிக்கட்டில் அதைக் கை தவறவிட்டது நான்தான். லென்ஸின் முன்விளிம்பு சற்று நசுங்கியது. கண்ணாடியில் கீறல் இல்லை. துடைத்துப் பையில் வைத்துக்கொண்டேன், யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் பத்தாம் வகுப்புப் பிரிவுபசாரப் படம். நானும் படத்தில் இருக்க வேண்டுமே என்று, கேமராவில் ஆசை கொண்ட ஒரு மாணவனிடம் கொடுத்து எடுக்கச் சொன்னேன். படம் கழுவி வந்தது. இடப்பக்கம் நின்றவர்களின் சட்டைப் பொத்தான்கூடத் தெளிவு. வலப்பக்கம் நின்ற ஐந்து பேரின் முகம் மங்கல். "கையை ஆட்டிட்டியேடா, ஒரு வேலை உருப்படியா செய்யத் தெரியலையே" என்று வகுப்பு முழுவதும் கேட்கும்படி திட்டினேன். அவன் தலை குனிந்து நின்றான்.

கை ஆடினால் படம் முழுக்க ஒரே மாதிரி கலங்கும், ஒரு பக்கம் மட்டும் மங்காது. ஒளியியல் பாடம் நடத்திய எனக்கு இது தெரியாதா? தெரியும். யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். யோசிக்க மனம் வரவில்லை.

கோடை விடுமுறையில் திருச்சியில் ஒரு கேமரா ரிப்பேர்க்காரரிடம் போனேன். வளைவாகச் செதுக்கிய மரக்கட்டையை நசுங்கிய விளிம்புக்குள் வைத்து, மெல்லத் தட்டித் தட்டி நிமிர்த்தினார். இரண்டு முனை கொண்ட சாவியால் உள்வளையத்தைக் கழற்றி, முன்தொகுதியை எடுத்து, சமமாக உட்காரவைத்து மறுபடி இறுக்கினார். பிறகு சுவரில் ஒட்டிய செய்தித்தாளை நேராகப் படம் பிடித்து, நான்கு மூலை எழுத்துகளையும் பூதக்கண்ணாடியில் பார்த்தார். "கண்ணாடி நல்லாத்தான் இருக்கு சார். உக்காந்த எடம்தான் கோணல்" என்றார்.

அவன் அப்போது பள்ளியை விட்டுப் போய்விட்டான். ஆனால் மதிப்பெண் பட்டியல் வாங்க வந்தான், என் எதிரில்தான் நின்றான். சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பேத்தியிடமும் செய்தித்தாளைச் சுவரில் ஒட்டிப் படம் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். வலது மேல்மூலை மங்கலாகத்தான் இருக்கிறது. இன்றைய லென்ஸுக்குள் மோட்டாரும் மெல்லிய மின்பட்டைகளும் இருப்பதால் மரக்கட்டை வைத்தியம் பலிக்காது. கருவி வைத்து அளந்து சரிசெய்யும் இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். உங்கள் கேமரா விழுந்தாலும் இந்தச் சோதனையை முதலில் செய்யுங்கள். நசுங்கிய விளிம்பைக் குறடு வைத்துத் திருகாதீர்கள்.

அந்த மாணவன் இந்தப் பக்கத்தில் இருக்கிறான். என் பிறந்தநாளுக்குத் தவறாமல் வாழ்த்துச் சொல்கிறான். தம்பி, அன்று உன் கை ஆடவில்லை. லென்ஸைக் கீழே போட்டவன் நான். அன்று வகுப்பு முழுவதும் கேட்கத் திட்டியதால், இன்று அந்த வகுப்பு முழுவதும் படிக்கும் இடத்தில் மன்னிப்புக் கேட்கிறேன்.