கடல் கடந்த கடிதங்கள்: அமெரிக்கப் புரட்சிக்காலத் தூதர்களும் அவர்களது அஞ்சலும்

பிரிட்டனுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த பதின்மூன்று அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடிய காங்கிரஸ், விடுதலைப் பிரகடனத்தை வெளியிடுவதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பே, 1775 நவம்பர் 29 அன்று, ‘இரகசியக் கடிதத் தொடர்புக் குழு’ ஒன்றை அமைத்தது. ஐரோப்பாவில் தங்களுக்கு ஆதரவானோரைக் கண்டறிந்து அவர்களுடன் எழுத்து வழியே உறவாடுவது இக்குழுவின் பணி. பெஞ்சமின் பிராங்க்ளினும் ஜான் ஜேயும் அதன் உறுப்பினர்களுள் இருந்தனர். அயலுறவுத் துறையோ, தூதரக மரபோ, சொந்த அஞ்சல் கப்பலோ இல்லாத ஓர் அரசு, கடிதத்தை மட்டுமே நம்பி வெளிநாட்டுக் கொள்கையை நடத்த முற்பட்டதன் தொடக்கம் இதுவே.

1776இல் பிரான்சுக்கு அனுப்பப்பட்ட சைலஸ் டீன், வணிகர் என்னும் வேடத்தில் பாரிஸ் சென்றார். ஜான் ஜேயின் உடன்பிறந்தாரும் மருத்துவருமான ஜேம்ஸ் ஜே உருவாக்கிய புலனாகா மையை அவர் பயன்படுத்தினார். இம்மையால் எழுதியவை, பிறிதொரு திரவத்தைப் பூசினால் மட்டுமே தாளில் தெரியவரும். ஹேக் நகரில் அமெரிக்கர்களுக்காகப் பணியாற்றிய சார்ல்ஸ் டூமா, ஒரு பிரெஞ்சு உரைநடைப் பகுதியின் எழுத்துகளுக்கு வரிசையாக எண்ணிட்டு, 682 எண்கள் கொண்ட சங்கேத முறையை வகுத்தார். பகுதியில் அடிக்கடி வரும் எழுத்துக்குப் பல எண்கள் அமைந்துவிடுவதால், எண்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கொண்டு இரகசியத்தை உடைப்பது கடினமாயிற்று. முக்கியமான கடிதங்கள் பல படிகள் எடுக்கப்பட்டு வெவ்வேறு கப்பல்களில் அனுப்பப்பட்டன. பகைவர் கையில் சிக்கும் நிலை வந்தால் கடிதக் கட்டைக் கடலில் மூழ்கடிக்க வேண்டும் என்பது கப்பல் தலைவர்களுக்கு இடப்பட்ட வழக்கமான ஆணை.

இத்தனை ஏற்பாடுகளுக்குப் பின்னும் கடிதங்கள் தவறின. விடுதலைப் பிரகடனத்தின் படியை இணைத்து 1776 ஜூலை 8 அன்று டீனுக்கு எழுதப்பட்ட கடிதம் அவரை அடையவேயில்லை. ஆகஸ்டில் அனுப்பிய அதன் மறுபிரதி நவம்பரில்தான் அவர் கைக்கு வந்தது. அதற்குள் ஐரோப்பியச் செய்தித்தாள்கள் அச்செய்தியை வெளியிட்டிருந்தமையால், தம் நாடு சுதந்திர நாடாகிவிட்டதை அதிகாரபூர்வமாக அறிவிக்க இயலாதவராக டீன் பிரெஞ்சு அரசின் முன் நின்றார். 1777இல் பாரிஸ் தூதுக்குழு பல மாத அறிக்கைகளை ஒரு கட்டாக்கி அனுப்பியபோது, பிரிட்டனிடம் கூலி பெற்ற ஜோசப் ஹின்சன் என்னும் மாலுமி அதைத் திருடி, அதனிடத்தில் வெற்றுத் தாள்களை வைத்துவிட்டார். யாதும் அறியாத கப்பல் தலைவர் ஃபோல்ஜர் அக்கட்டை அட்லாண்டிக்கைக் கடந்து கொண்டுசேர்க்க, 1778 ஜனவரியில் அதைப் பிரித்தவர்கள் ஓர் எழுத்தையும் காணவில்லை.

கடலில் எறிந்த கடிதமும் சில வேளை மூழ்குவதில்லை. அமெரிக்கத் தூதராக நெதர்லாந்துக்குச் சென்றுகொண்டிருந்த ஹென்றி லாரன்ஸ், 1780 செப்டம்பரில் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் பிரிட்டிஷ் போர்க்கப்பலிடம் பிடிபட்டபோது, ஆவணங்களை ஒரு பையிலிட்டு நீரில் வீசினார். பை மூழ்குமுன் பகைவர் அதை மீட்டனர். அதனுள் இருந்த, எந்த அரசும் ஏற்றிராத ஓர் அமெரிக்க-நெதர்லாந்து ஒப்பந்த வரைவையே காரணமாகக் காட்டி, அவ்வாண்டு டிசம்பரில் பிரிட்டன் நெதர்லாந்தின் மீது போர் தொடுத்தது. லாரன்ஸ் லண்டன் கோபுரச் சிறையில் ஓராண்டுக்கு மேல் அடைபட்டிருந்தார்.

ஆனால் கடிதத்தைக் கைப்பற்றுவதும் அதனால் பயனடைவதும் வெவ்வேறு செயல்கள். தூதுக்குழுவுடன் பாரிஸை ஒட்டிய பாஸ்ஸியில் நெருங்கிப் பணியாற்றிய எட்வர்ட் பான்கிராஃப்ட் பிரிட்டனின் உளவாளி. காதல் கடிதங்களின் வரிகளுக்கிடையே புலனாகா மையில் எழுதிய செய்திகளைப் புட்டியிலிட்டு, பாரிஸின் துயிலரி தோட்டத்து மரமொன்றின் பொந்தில் வைத்துச் செல்வது அவர் பின்பற்றிய முறை. 1778 பிப்ரவரி 6 அன்று பிரான்சுடன் கையெழுத்தான உடன்படிக்கைகளைப் பற்றி லண்டன் ஓரிரு நாட்களில் அறிந்துகொண்டது. அமெரிக்கக் காங்கிரசுக்கோ அவை மே 2 அன்றே கிடைத்தன. எனினும், பான்கிராஃப்ட் பங்குச் சந்தையில் சூதாடுபவர் என்று கருதிய மன்னர் மூன்றாம் ஜார்ஜ் அவர் தந்த செய்திகளை நம்பத் தயங்கினார்.

கடிதங்கள் கடல் கடந்து வந்துசேர்வதில் ஏற்பட்ட தாமதமே தூதர்களின் அதிகாரத்தை விரிவாக்கியது. ஐயம் கேட்டு எழுதி மறுமொழி பெறப் பல மாதங்கள் ஆகுமாதலால், முடிவுகளை அவர்களே எடுக்க நேர்ந்தது. பிரான்சின் இசைவின்றிச் சமாதானம் பேசலாகாது என 1781 ஜூனில் காங்கிரஸ் பணித்திருந்தும், ஜான் ஜே, ஜான் ஆடம்ஸ், பிராங்க்ளின் ஆகியோர் பிரிட்டனுடன் தனித்துப் பேசி, 1782 நவம்பர் 30 அன்று பூர்வாங்க ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். அது 1783 மார்ச்சில் பிலடெல்பியா வந்தபோது, அயலுறவுச் செயலர் ராபர்ட் லிவிங்ஸ்டன் அவர்களது நடத்தையைக் கண்டித்தார். எனினும், மேற்கில் மிசிசிப்பி ஆறுவரை எல்லை வகுத்துத் தந்த உடன்பாட்டைக் காங்கிரஸ் கைவிடவில்லை.

இக்கடிதங்களை ஜேரட் ஸ்பார்க்ஸ் 1829-30இல் 12 தொகுதிகளாகப் பதிப்பித்தார். அவர் நீக்கியும் திருத்தியும் வெளியிட்டிருந்த பகுதிகளைக் கருத்தில் கொண்டு, பிரான்சிஸ் வார்ட்டன் 1889இல் ஆறு தொகுதிகளைக் கொண்டுவந்தார். இத்தொகுதிகளில் கடிதங்கள் எழுதப்பட்ட நாள்வரிசையில் அமைந்து, ஒன்றற்கொன்று உடனுக்குடன் விடை கூறுவனபோலத் தோன்றுகின்றன. காங்கிரசும் தூதர்களும் அவற்றை அவ்வரிசையில் படித்ததில்லை; ஆகவே, ஒரு தூதரின் முடிவை மதிப்பிட முனையும் வரலாற்றாசிரியர், கடிதம் எழுதப்பட்ட நாளோடு அது கைக்குக் கிடைத்த நாளையும் சேர்த்தே கணக்கிட வேண்டியுள்ளது.