ஸ்டாக்ஹோம் அனைத்துலக அமைதி ஆய்வு நிறுவனம்

ஸ்டாக்ஹோம் அனைத்துலக அமைதி ஆய்வு நிறுவனம் (சுருக்கமாக சிப்ரி) சுவீடன் நாட்டில் இயங்கும் ஓர் ஆய்வு நிறுவனமாகும். இதன் தலைமையகம் தலைநகர் ஸ்டாக்ஹோமை ஒட்டியுள்ள சோல்னா நகரில் அமைந்துள்ளது. நாடுகளுக்கிடையேயான ஆயுத வணிகம், படைத்துறைச் செலவு, ஆயுத உற்பத்தி நிறுவனங்கள், அணு ஆயுதக் கையிருப்பு, ஆயுதக் குறைப்பு உடன்படிக்கைகள் முதலியன இதன் முதன்மையான ஆய்வுத் துறைகள். உலகில் மிகுதியாக ஆயுதம் இறக்குமதி செய்யும் நாடு எது, படைக்கு மிகுதியாகச் செலவிடும் நாடு எது என்று செய்தித்தாள்களில் வரும் தரவரிசைகளுக்குப் பெரும்பாலும் இந்நிறுவனமே மூலமாகும். ஒற்றர் தகவல்களையோ இரகசிய ஆவணங்களையோ பயன்படுத்தாமல், எவரும் பெறக்கூடிய வெளிப்படையான மூலங்களைக் கொண்டே இத்தரவுகள் தொகுக்கப்படுகின்றன.

தோற்றம்

1814 ஆம் ஆண்டுக்குப் பின் சுவீடன் எந்தப் போரிலும் ஈடுபடவில்லை. தடையற்ற அந்த 150 ஆண்டு அமைதியை நினைவுகூரும் வகையில் ஓர் ஆய்வு நிறுவனம் அமைக்கலாம் என்னும் எண்ணத்தை அன்றைய பிரதமர் தாகே எர்லாண்டர் 1964 இல் முன்வைத்தார். இதனை ஆராய அமைக்கப்பட்ட குழுவுக்கு அல்வா மீர்தால் தலைமை வகித்தார். சுவீடன் நாடாளுமன்றத்தின் முடிவின்படி 1966 சூலை 1 அன்று நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. பிரித்தானியப் பொருளியலாளர் இராபர்ட் நீல்டு இதன் முதல் இயக்குநர் ஆவார்.

அல்வா மீர்தால் 1955 முதல் 1961 வரை இந்தியாவில் சுவீடனின் தூதராக இருந்தவர். ஆயுதக் குறைப்புப் பணிக்காக 1982 இல் அமைதிக்கான நோபல் பரிசை மெக்சிக்கோவின் அல்போன்சோ கார்சியா ரோப்லசுடன் பகிர்ந்துகொண்டார். சிப்ரியின் ஆட்சிக் குழுத் தலைவராகப் பணியாற்றிய இவருடைய கணவர் குன்னர் மீர்தால் 1974 இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவர்.

தொடக்ககாலப் பணிகள்

நிறுவனத்தின் முதல் ஆண்டு நூல் 1969 இல் வெளிவந்தது. அன்றுமுதல் ஆண்டுதோறும் வெளிவரும் இந்நூலே சிப்ரியின் முகவரி எனலாம். 1971 இல் வெளியான மூன்றாம் உலக நாடுகளுடனான ஆயுத வணிகம் பற்றிய நூல், பனிப்போர் வல்லரசுகள் எந்த நாட்டுக்கு எதை வழங்கின என்பதை விரிவாகத் தொகுத்துக் காட்டியது. இத்தகைய வணிகத்தைப் பதிவு செய்ய ஐக்கிய நாடுகள் அவை ஒரு பதிவேட்டை உருவாக்க முடிவெடுத்தது 1991 இல்தான். அதுவும் அரசுகள் தாமாக முன்வந்து அளிக்கும் விவரங்களையே சார்ந்தது.

வேதியியல், உயிரியல் ஆயுதங்கள் குறித்து 1971 முதல் 1975 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த ஆய்வு இக்காலத்தின் மற்றொரு பெரும்பணியாகும்.

ஆயுத மாற்றல் தரவுத்தளம்

சிப்ரியின் தரவுகளுள் மிகுதியாக மேற்கோள் காட்டப்படுவதும், மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. 1950 முதலான போர் விமானங்கள், கப்பல்கள், டாங்கிகள், ஏவுகணைகள், பெரும் பீரங்கிகள் முதலிய பெரிய மரபுசார் ஆயுதங்களின் மாற்றல்கள் இதில் பதிவு செய்யப்படுகின்றன. துப்பாக்கிகள் போன்ற சிற்றாயுதங்கள் இதில் இடம்பெறுவதில்லை. ஆகவே உள்நாட்டுப் போர்களில் மிகுதியான உயிர்களைக் குடிக்கும் கருவிகள் பெரும்பாலும் இக்கணக்குக்கு வெளியே நிற்கின்றன.

ஒரு விமானத்துக்கு ஒரு நாடு உண்மையில் எவ்வளவு பணம் கொடுத்தது என்பது பெரும்பாலும் வெளியிடப்படுவதில்லை. நட்பு விலை, கடன், பண்டமாற்று, அன்பளிப்பு எனப் பல வழிகளில் ஆயுதங்கள் கைமாறுகின்றன. எனவே சிப்ரி விலையைக் கணக்கிடாமல், ஆயுதத்தின் படைத்துறைத் திறனைக் குறிக்கும் ஒரு மதிப்பை வழங்குகிறது. இது போக்குக் காட்டி மதிப்பு எனப்படும். ஒரு புதிய ஆயுதத்துக்கு முழு மதிப்பு உண்டு. வேறொரு படையில் பயன்பட்ட பழைய ஆயுதத்துக்கு அதில் 40 விழுக்காடும், பழையதாயினும் பெருமளவு புதுப்பித்து வழங்கப்படுவதற்கு 66 விழுக்காடும் அளிக்கப்படும். இம்மதிப்பைப் பணத்தொகையாகக் கொண்டு, ஒரு நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியோடு ஒப்பிடுவது பிழையாகும். ஒரே ஆண்டில் ஒரு பெரிய கப்பல் வந்து சேர்ந்தாலும் எண்கள் தாவும் என்பதால் ஐந்தாண்டுச் சராசரிகளே ஒப்பிடப்படுகின்றன.

உரிமம் பெற்று உள்நாட்டில் செய்யப்படும் ஆயுதங்களும் உரிமம் வழங்கிய நாட்டின் ஏற்றுமதியாகவே கணக்கிடப்படும். நாசிக்கில் உருவாகும் சுகோய்-30 விமானங்களும், சென்னையை அடுத்த ஆவடியில் உருவாகும் டி-90 டாங்கிகளும் இவ்வாறே இந்தியா உருசியாவிடமிருந்து பெற்றவையாகப் பதிவாகின்றன. இந்தியாவின் இறக்குமதிப் பங்கு உயர்ந்து காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2019-23 காலத்தில் உலக இறக்குமதியில் 9.8 விழுக்காட்டுடன் இந்தியா முதலிடம் வகித்தது. 2020-24 காலத்தில் 8.8 விழுக்காட்டுடன் உக்ரைன் முதலிடத்துக்கு வந்தது. இந்தியா 8.3 விழுக்காட்டுடன் இரண்டாமிடம் சென்றது. முந்தைய ஐந்தாண்டுகளோடு ஒப்பிட இந்தியாவின் இறக்குமதி 9.3 விழுக்காடு குறைந்தது உண்மையே. ஆயினும் இடமாற்றத்தின் பெருங்காரணம், 2022 இல் தொடங்கிய உருசியப் படையெடுப்பின் பின் உக்ரைனுக்கு வந்து குவிந்த ஆயுதங்களே ஆகும். இவற்றுள் பல நன்கொடையாக வந்தவை. பணம் கைமாறாவிடினும் சிப்ரியின் கணக்கில் அவை இறக்குமதியே. தரவரிசையைவிடக் கருத்தக்கது, இந்தியாவின் இறக்குமதியில் உருசியாவின் பங்கு 2010-14 இல் 72 விழுக்காடாக இருந்து 2020-24 இல் 36 விழுக்காடாகச் சரிந்ததாகும்.

படைத்துறைச் செலவு

இத்தரவுத்தளம் 1949 முதலான விவரங்களைக் கொண்டது. வரவு செலவுத் திட்ட அறிக்கைகள், அரசுகளுக்கு அனுப்பப்படும் வினாப்பட்டியல்கள் முதலியன இதற்கு மூலங்கள். ஒவ்வொரு நாடும் "பாதுகாப்பு" என்பதற்கு வெவ்வேறு பொருள் கொள்வதால், சிப்ரி தனக்கென ஒரு பொது வரையறையைப் பின்பற்றுகிறது. படைவீரர் ஓய்வூதியமும் படைத்துறை ஆராய்ச்சியும் இதில் அடங்கும். இந்தியாவைப் பொறுத்தவரை உள்துறை அமைச்சின் கீழுள்ள எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை போன்றவற்றின் செலவும் சேர்க்கப்படுகிறது. அணு ஆயுதத்துக்கான செலவு சேர்க்கப்படுவதில்லை. ஆகவே சிப்ரியின் எண்ணும் இந்திய அரசின் பாதுகாப்பு ஒதுக்கீட்டு எண்ணும் ஒத்துப்போவதில்லை. சீனாவுக்கு அதன் அரசு அறிவிக்கும் தொகையைவிடக் கூடுதலான மதிப்பீட்டை நிறுவனம் தருகிறது.

2024 இல் உலகின் மொத்தப் படைச்செலவு 2,718 பில்லியன் அமெரிக்க டாலர் என மதிப்பிடப்பட்டது. இது முந்தைய ஆண்டைவிட 9.4 விழுக்காடு மிகுதி. ஐக்கிய அமெரிக்கா 997 பில்லியன், சீனா 314 பில்லியன், இந்தியா 86.1 பில்லியன் டாலர் செலவிட்டன. செலவுகள் சந்தை நாணய மாற்று விகிதத்தில் டாலராக மாற்றப்படுகின்றன. ஒரு படைவீரருக்கு இந்தியாவில் ஆகும் செலவு அமெரிக்காவில் ஆவதைவிட மிகக் குறைவு. எனவே செலவுத் தொகையை மட்டும் வைத்துப் படைவலிமையை ஒப்பிட இயலாது.

அணு ஆயுதங்கள்

2025 சனவரியில் உலகில் ஏறத்தாழ 12,241 அணு ஆயுதங்கள் இருந்தன என்பது நிறுவனத்தின் மதிப்பீடு. இதில் இந்தியாவுக்கு 180, பாக்கிசுத்தானுக்கு 170, சீனாவுக்கு 600.

திறந்த மூலங்களும் இரகசியமும்

வெளிப்படையான தகவல்களைத் தொகுப்பதில் இடர் இல்லை என்று கருத இயலாது. சிப்ரியிலும் ஒசுலோ அமைதி ஆய்வு நிறுவனத்திலும் பணியாற்றிய நியூசிலாந்தைச் சேர்ந்த ஓவன் வில்க்சு, நார்வேயின் ஒட்டுக்கேட்பு நிலையங்கள் பற்றிய ஆய்வுக்காக உடன் ஆய்வாளர் நில்சு பெட்டர் கிளெடிச்சுடன் சேர்ந்து தண்டிக்கப்பட்டார். நார்வேயின் உச்ச நீதிமன்றம் 1982 இல் அத்தீர்ப்பை உறுதி செய்தது. தனித்தனியே எவரும் காணக்கூடிய தகவல்கள் ஒன்றுசேரும்போது இரகசியமாகிவிடக் கூடும் என்பதே அரசுத் தரப்பின் வாதம். சுவீடனிலும் வில்க்சு தண்டனை பெற்று வெளியேற்றப்பட்டார்.

நிதியும் நிர்வாகமும்

சிப்ரி சட்டப்படி தன்னாட்சி பெற்ற அறக்கட்டளையாகும். ஆயினும் அதன் வருவாயில் கணிசமான பகுதி சுவீடன் அரசின் மானியமாகும். ஆட்சிக் குழு உறுப்பினர்களையும் அவ்வரசே அமர்த்துகிறது. சுவீடன் ஆயுத ஏற்றுமதி நாடுகளுள் ஒன்று என்பதால் இது முரண்பாடாகப் பார்க்கப்படுவதுண்டு. இந்தியா 1986 இல் வாங்க ஒப்பந்தம் செய்த போபர்ஸ் பீரங்கிகள் அந்நாட்டினுடையவையே. எனினும் சுவீடனின் ஏற்றுமதிகளும் பிற நாடுகளுடையவற்றைப் போலவே தரவுத்தளத்தில் பதிவாகின்றன.

1991 முதல் 2002 வரை இயக்குநராக இருந்த போலந்து நாட்டவரான ஆடம் டேனியல் ரொட்பெல்டு பின்னர் 2005 இல் தம் நாட்டின் வெளியுறவு அமைச்சரானார். 2015 முதல் டான் சிமித் இயக்குநராக இருந்தார். அவரையடுத்து எகிப்தின் கரீம் அக்காக் 2025 இல் பொறுப்பேற்றார். முன்னாள் பிரதமர் இசுடெபான் லொவென் 2022 இல் ஆட்சிக் குழுத் தலைவரானார். நிறுவனத்தின் தோற்றத்துக்குக் காரணமாயிருந்த அணிசேரா மரபைக் கைவிட்டு, சுவீடன் 2024 மார்ச்சு 7 அன்று நேட்டோ கூட்டணியில் இணைந்தது.