எயிட்ஸ் எந்த வழியால் வந்தது?

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

எயிட்ஸ் என்றதும் எங்கள் ஊர்களில் குரல் தாழ்ந்துவிடும். அடுத்து வரும் கேள்வி, "ஆர் கொண்டு வந்தது?" ஆராய்ச்சியாளர்கள் கேட்டது வேறு: எப்போது, எந்த வழியால்?

எச்.ஐ.வி. கிருமி பெருகும்போது தன்னைத்தானே படியெடுக்கிறது. அதில் நிறையப் பிழை விடும். வகுப்பில் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்தெழுதினால் வாத்தியாருக்குப் பிடிபடுவது எப்படி? ஒரே பிழை இரண்டிலும் இருக்கும். அதே மாதிரித்தான் எந்தக் கிருமி எதிலிருந்து வந்தது என்று பார்க்கிறார்கள். பிழை சேரும் வேகம் ஓரளவு சீரானது. அதனால் காலத்தையும் கணக்கிடலாம்.

கொங்கோவின் கின்ஷாசா நகரில் 1959 இல் எடுத்த ஒரு இரத்த மாதிரியும், 1960 இல் எடுத்த ஒரு நிணநீர்க் கணுத் துண்டும் பாதுகாக்கப்பட்டிருந்தன. இரண்டிலும் இருந்த கிருமிகள் அப்போதே ஒன்றுக்கொன்று வெகுவாக மாறிப்போயிருந்தன. 2014 இல் வெளியான ஆய்வு, பரவல் 1920 அளவில் அந்த நகரில் தொடங்கியது என்றது. அது பெல்ஜியம் ஆண்ட காலம். சுரங்கங்களுக்குப் புகையிரதம் ஓடியது. 1940களின் கடைசியில் வருடத்துக்குப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் கின்ஷாசா வழியாகப் புகையிரதத்தில் போய்வந்தனர். தண்டவாளம் போன தூரத்து லுபும்பாஷிக்குக் கிருமி முந்திப் போனது. ஆற்றுவழியில் கிடந்த கிசங்கானிக்குப் பிந்தியே போனது. நெடுந்தீவாருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. குறிகட்டுவான் எவ்வளவு தூரம் என்றால் அவர்கள் மைல் சொல்லமாட்டார்கள், படகு எத்தனை மணிக்கு என்றுதான் சொல்வார்கள்.

"ஆர்" என்று கேட்டதன் விளைவையும் பாருங்கள். 1984 இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், கனடாவைச் சேர்ந்த ஒரு விமானப் பணியாளரை 'ஓ' என்ற ஆங்கில எழுத்தால் குறித்தார்கள். கலிபோர்னியாவுக்கு வெளியே உள்ளவர் என்பதே அதன் பொருள். அதைப் பூச்சியம் என்று வாசித்து, அமெரிக்காவுக்கு நோயைக் கொண்டுவந்த முதல் ஆள் அவர்தான் என்று உலகம் முழுக்கத் தூற்றினார்கள். 2016 இல் பழைய இரத்த மாதிரிகளை ஆராய்ந்தபோது, கிருமி 1970 அளவிலேயே ஹெய்ட்டிப் பக்கமிருந்து நியூயோர்க் வந்துவிட்டது என்று தெரிந்தது. அவர் பலரில் ஒருவர், அவ்வளவுதான். ஆனால் அவர் இறந்து முப்பது வருடத்துக்கு மேலாகியிருந்தது.

எங்கள் பக்கம், 1986 இல் சென்னையில் வைத்தியர் சுனிதி சொலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். 1987 இல் இலங்கையர் ஒருவருக்கு முதன்முதலாக உறுதியானது. 2019 இல், தாயிலிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. கர்ப்பிணித் தாய்மாரை ஊர் ஊராகச் சோதித்ததால்தான் அது முடிந்தது. வெளிநாடு போய் வந்தவர், கடலுக்குப் போகிறவர் என்று ஆளைச் சுட்டிக்கொண்டிருந்தால் சோதனைக்கு யார் வருவார்கள்?

அரசாங்க வைத்தியசாலைகளின் பாலியல் நோய்ச் சிகிச்சைப் பிரிவுகளில் சோதனையும் மருந்தும் இலவசம். விபரம் வெளியே போகாது.