கூடாரம் அடித்தவர்கள்

சஃபாரி என்ற சொல் எங்கள் ஏரியாவுக்கு முதலில் வந்தது சட்டையாகத்தான். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஆவடி, அம்பத்தூர் பக்கம் ஒருவர் பெரிய ஆபீசராகிவிட்டார் என்பதற்கு அடையாளம் சஃபாரி சூட். அரைக்கை, நான்கு பாக்கெட், அதே துணியில் பேண்ட். அப்புறம் வண்டலூரில் கம்பி போட்ட வண்டிக்குள் உட்கார்ந்து சிங்கம் பார்க்கும் லயன் சஃபாரி வந்தது. இப்போது மூன்றாவது ரூபம். அம்பத்தூர் எஸ்டேட்டில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டு தான்சானியாவுக்குக் கிளம்பினார். ஏழு நாள் கேம்பிங் சஃபாரி. "ஹோட்டல்லாம் இல்லப்பா, டென்ட்டுதான். சுத்தி வேலிகூடக் கிடையாது. ராத்திரி கழுதைப்புலி வந்து மோப்பம் பிடிச்சிட்டுப் போகுமாம்" என்றார்.

அவருடைய பயணத் திட்டத்தை வாங்கிப் படித்துப் பார்த்தேன். செரங்கெட்டி, கொரங்கோரோ என்று ஒவ்வொரு இடத்துக்கும் பெயர் இருந்தது. மிருகங்களுக்குத் தனிப் பட்டியலே இருந்தது. டென்ட்டை அடித்து, சமைத்துப் போட்டு, காலையில் மறுபடி பிரித்துக் கட்டுகிறவர்களுக்கு மட்டும் இரண்டே வார்த்தை: சப்போர்ட் ஸ்டாஃப். இந்தக் கட்டுரை அந்த இரண்டு வார்த்தைகளின் வரலாறு.

சஃபாரி ஸ்வாஹிலிச் சொல். அதன் வேர் 'சஃபர்' என்ற அரபுச் சொல். பயணம் என்று பொருள். இந்தியில் சஃபர் என்பதும் இதுதான். தமிழிலும் இந்த வேர் இருக்கிறது. பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போகிறவர்களை நம் கடற்கரையோர முஸ்லிம்கள் 'சபுராளி' என்பார்கள். மலேயாவுக்கும் பர்மாவுக்கும் சிலோனுக்கும் போனவர்கள் சபுராளிகள். ஆக, ஒரே வேரிலிருந்து முளைத்த இரண்டு சொற்களில் ஒன்று உல்லாசத்துக்குப் போய்விட்டது, இன்னொன்று உழைப்பிலேயே தங்கிவிட்டது. ஆனால் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் சஃபாரி முதலில் உழைப்பாகத்தான் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சஃபாரி என்றால் வணிகக் கூட்டம். கடற்கரையிலிருந்து துணியும் மணியும் துப்பாக்கியும் உள்ளே போகும். யானைத் தந்தமும் அடிமைகளும் வெளியே வருவார்கள். சுமைக்கு மாடோ குதிரையோ உதவாது. த்ஸேத்ஸே ஈ கடித்தால் செத்துவிடும். எனவே மனிதத் தலைதான் வண்டி. ந்யாம்வேசி இனத்தவர் இதில் பேர்போன சுமைதூக்கிகள். ஓர் ஆளுக்குச் சுமார் 60 பவுண்டு, அதாவது 27 கிலோ. விமானத்தில் நாம் செக்-இன் செய்யும் பெட்டியைவிடக் கொஞ்சம் அதிகம். அதைத் தலையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் நடக்க வேண்டும்.

ஐரோப்பியப் பயணிகள் கண்டுபிடிக்கக் கிளம்பியது ஏற்கெனவே இருந்த இந்தப் பாதைகளில்தான். 1857-இல் பர்ட்டனும் ஸ்பீக்கும் உள்நாட்டுக்குப் புறப்பட்டபோது அவர்களோடு சிதி முபாரக் பாம்பே என்றொருவர் இருந்தார். சிறுவயதில் அடிமையாகப் பிடிக்கப்பட்டு இந்தியாவின் மேற்குக் கரைக்கு வந்து, எஜமானன் இறந்தபின் விடுதலையாகி ஊர் திரும்பியவர். பெயரிலேயே நம் நகரம் ஒட்டிக்கொண்டுவிட்டது. பின்னால் ஸ்டான்லியோடும் கேமரோனோடும் போனார். நடந்த தூரத்தை வைத்துப் பார்த்தால் அவர் கூட்டிப்போன துரைகளில் பலரைவிட ஆப்பிரிக்காவை அதிகம் அறிந்தவர். 1876-இல் லண்டன் ராயல் புவியியல் கழகம் அவருக்கு வெள்ளிப் பதக்கம் கொடுத்தது. ஏரிகளுக்கும் அருவிகளுக்கும் வைக்கப்பட்டவை மற்றவர்களின் பெயர்கள்.

கூடாரத்தின் கதை இந்த இடத்தில் நம் பக்கம் திரும்புகிறது. பெரம்பூர், வில்லிவாக்கம், ஆவடி ரயில்வே குடும்பங்களில் 'கலாசி' என்ற சொல்லைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். ரயில்வேயில் கடைநிலைத் தொழிலாளியின் பதவிப் பெயர். "எங்க தாத்தா கலாசியா சேந்தவரு" என்று பெருமையாகச் சொல்பவர்களை எனக்குத் தெரியும். பழைய ஆங்கிலோ இந்திய வழக்கில் கலாசி என்றால் கூடாரம் அடிப்பவன். கப்பலில் வேலை செய்கிறவனுக்கும் அதே பெயர்தான். பாய்மரத் துணியை இழுத்துக் கட்டத் தெரிந்த கைக்குக் கூடாரத் துணியும் வசப்படும் அல்லவா?

ஆங்கிலேயரின் இந்திய ஆட்சியில் பெரும்பகுதி கூடாரத்திலிருந்து நடந்தது. கலெக்டர் ஊர் ஊராகப் போய் முகாம் போடுவார். இன்றும் அதிகாரி வெளியூர் போனால் 'கேம்ப் போயிருக்கார்' என்றுதான் சொல்கிறோம். பூந்தமல்லியில் கன்டோன்மென்ட் என்ற பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அன்றைய படை ஓரிடத்திலிருந்து கிளம்பினால் சிப்பாய்களைவிடக் கூட நடப்பவர்கள் அதிகம்: சமையல்காரர், புல் வெட்டுபவர், தண்ணீர் சுமப்பவர், கூடாரம் அடிப்பவர். 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே லாம்ப்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவைக்கும் இதே கதைதான். அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை மலைக்கும் கோபுரத்துக்கும் ஏற்றியவர்கள் கலாசிகள். முகாம் நடத்தும் இந்தக் கலை கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் போனது. 1920 வரை அங்கே செல்லுபடியான நாணயம் ரூபாய். நடைமுறையில் இருந்தது இந்தியத் தண்டனைச் சட்டம். ஆட்களும் இங்கிருந்து போனார்கள்.

1896-இல் மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிக்கு ரயில் பாதை போடத் தொடங்கினார்கள். 1901-இல் ஏரியைத் தொட்டது. அதற்காக இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் சுமார் 32,000 பேர். இறந்தவர்கள் 2,493. சுமார் 580 மைல் பாதை. வகுத்துப் பார்த்தால் மைலுக்கு நான்கு உயிருக்கு மேல். தமிழர்கள் இந்தப் பாதையில் அதிகம் இல்லை. நம் ஆட்களின் ஆப்பிரிக்கா இன்னும் தெற்கே இருந்தது. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கிளம்பியது. அடுத்த ஐம்பதாண்டுகளில் செங்கல்பட்டு, ஆற்காடு மாவட்டங்களிலிருந்தெல்லாம் போனார்கள். ஆவடியும் பூந்தமல்லியும் அன்று செங்கல்பட்டு மாவட்டம்தான்.

ரயில் பாதை 1898-இல் சாவோ நதியை அடைந்தது. தமிழில் எழுதும்போது பெயரே அபசகுனமாகத்தான் இருக்கிறது. பாலம் கட்ட வந்த என்ஜினீயர் பேட்டர்சன் முன்பு இந்தியாவில் வேலை பார்த்தவர், இந்துஸ்தானி பேசுவார். அங்கே பிடரி மயிர் இல்லாத இரண்டு ஆண் சிங்கங்கள் கூலிகளைத் தூக்க ஆரம்பித்தன. கூலிகளின் கூடாரம் என்பது ஒரே துணிக்குக் கீழே பல பேர் நெருக்கிப் படுப்பது. உங்கன் சிங் என்ற ஜமேதாரை அப்படிப் பலபேர் படுத்திருந்த கூடாரத்துக்குள் தலையை நீட்டிக் கவ்விக்கொண்டு போனது சிங்கம். 'போமா' எனப்படும் முள்வேலியை உயரமாகப் போட்டுப் பார்த்தார்கள். அதிலும் புகுந்து வந்தது. ஆஸ்பத்திரிக் கூடாரத்தையும் விடவில்லை.

டிசம்பர் முதலில் தொழிலாளர்கள் பொறுமை இழந்தார்கள். நாங்கள் வந்தது சர்க்காருக்கு வேலை செய்ய, சிங்கத்துக்கு இரையாக அல்ல என்று சொல்லி, தண்டவாளத்தில் விழுந்து ரயிலை நிறுத்தி, சில நூறு பேர் மூட்டை முடிச்சோடு ஏறிப் போய்விட்டார்கள். கிட்டத்தட்ட மூன்று வாரம் வேலை நின்றது. பேட்டர்சனின் புத்தகத்தில் இது பீதி. எனக்கு இது வேலைநிறுத்தமாகத்தான் தெரிகிறது. பணியிடப் பாதுகாப்பு கேட்டு நடந்த, முழுக்க நியாயமான வேலைநிறுத்தம். டிசம்பர் 9-ஆம் தேதி முதல் சிங்கத்தையும் 29-ஆம் தேதி இரண்டாவதையும் பேட்டர்சன் சுட்டார். முதல் சிங்கத்தைச் சுட்டது கம்பு நட்டுக் கட்டிய பரணிலிருந்து. அந்த வித்தையும் இந்தியாவில் கற்றதுதான். தொழிலாளர்கள் அவருக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம் பரிசளித்தார்கள்.

எத்தனை பேரைத் தின்றன? பேட்டர்சன் 1907-இல் எழுதிய புத்தகத்தில் இந்தியர்கள் 28 பேர் என்று எண்ணிக்கை இருக்கிறது. ஆப்பிரிக்கர்கள் ஏராளம், ஆனால் அவர்களுக்குக் கணக்கு வைக்கப்படவில்லை. பின்னால் அவரே 135 என்றார். சிகாகோவில் உள்ள சிங்கங்களின் எலும்பையும் முடியையும் ஆராய்ந்து 2009-இல் விஞ்ஞானிகள் சொன்ன மதிப்பீடு சுமார் 35. எந்த எண் சரி என்பதைவிட, யார் எண்ணப்பட்டார்கள் என்பதில்தான் என் மனம் நிற்கிறது. கூலியாக இருந்தாலும் இந்தியனுக்குச் சம்பளப் பட்டியலில் ஒரு வரி உண்டு. செத்தால் அந்த வரியை அடிக்க வேண்டும். சொந்த மண்ணில் செத்த டைட்டாவுக்கும் கம்பாவுக்கும் அந்த வரியும் இல்லை. பாதிக்கப்பட்டவர்களாகவே நம்மைப் பார்த்துப் பழகிவிட்ட நமக்கு, நமக்கும் கீழே ஒரு வரிசை இருந்தது என்பது சுலபத்தில் கண்ணில் படுவதில்லை.

பாதை முடிந்ததும் அதுவே வேட்டைக்கு வாசலாயிற்று. ரயில்வே நிர்வாகமே மிருகங்களைக் காட்டி விளம்பரம் செய்தது. 1909-இல் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ரூஸ்வெல்ட் மொம்பாசாவில் இறங்கி, என்ஜினின் முன்பக்கம் பலகை போட்டு உட்கார்ந்து, அதே தடத்தில் சாவோவைக் கடந்து போனார். சுமைக்கு 200 பேருக்கு மேல். அவருடைய கூடாரத்தின் முன் பெரிய அமெரிக்கக் கொடி. அவரும் மகனும் சுட்டவை 512 மிருகங்கள். கித்தான் நாற்காலி, வெந்நீர்க் குளியல், மாலையில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பேச்சு என்று இன்றைய கேம்பிங் சஃபாரியின் அங்கங்கள் எல்லாம் அங்கே தயார். 1977-இல் கென்யா வேட்டையைத் தடை செய்தது. துப்பாக்கியின் இடத்துக்குக் கேமரா வந்தது. நாற்காலி அப்படியே இருந்தது.

செரங்கெட்டி 1951-இல் தேசியப் பூங்காவானது. 1959-இல் மசாய் மக்கள் தங்கள் மாடுகளோடு அங்கிருந்து வெளியேற்றப்பட்டு கொரங்கோரோ பக்கம் அனுப்பப்பட்டார்கள். அதே ஆண்டில் ஜெர்மானியரான கிரிஸிமெக் எடுத்த செரங்கெட்டி ஆவணப்படம் உலகமெங்கும் ஓடி ஆஸ்கர் வாங்கியது. படத்துக்காகப் பறந்தபோது அவர் மகன் விமான விபத்தில் உயிர்விட்டிருந்தார். அந்த அக்கறையில் பொய் இல்லை. அது இல்லாவிட்டால் இன்று பார்க்க மிருகங்களும் இருந்திருக்காது. ஆனால் மனிதன் இல்லாத ஆதிநிலம் என்ற காட்சி, மனிதர்களை அப்புறப்படுத்தியபின் கிடைத்தது. 2022 ஜூனில் லோலியோண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டர் மேய்ச்சல் நிலத்துக்கு எல்லைக்கல் நட வந்தபோது மறுபடி மோதல் வெடித்தது.

இதை நாம் தூர இருந்து பார்த்து 'ச்சோ' கொட்ட முடியாது. முதுமலை 1940-இல் சரணாலயமானது, 2007-இல் புலிகள் காப்பகமானது. காப்பகத்துக்குள் இருந்த குடும்பங்களை வெளியே குடியமர்த்துவது பற்றிய பேச்சும் வழக்கும் ஓய்ந்தபாடில்லை. தெப்பக்காட்டில் யானைக்குச் சோறு ஊட்டும் காட்டுநாயக்கர்களைப் படமெடுத்து, அதற்கும் 2023-இல் ஆஸ்கர் கிடைத்து, நாம் எல்லாரும் கைதட்டினோம். காட்டில் அவர்களுடைய உரிமை என்ன என்று 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சொல்கிறது. அதைப் படித்தவர்கள் கைதட்டியவர்களில் எத்தனை பேர்?

போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நுழைவுக் கட்டணமும் சமையல்காரரின் சம்பளமும் நம் பயணத்திலிருந்துதான் வருகின்றன. கிளிமஞ்சாரோவில் ஒரு சுமைதூக்கி 20 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. வாசலில் எடை போட்டுத்தான் விடுகிறார்கள். 27 கிலோ 20 ஆவதற்கு நூறாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. அடுத்து குறைய வேண்டியது எது என்பதைக் காசு கொடுக்கிறவர்களும் கேட்கலாம். கலாசி வீட்டுப் பேரன்கள் இன்று கித்தான் நாற்காலியில் உட்காருகிறோம் என்றால், இந்தக் கேள்விக்கு நம்மைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

சாவோ சிங்கங்களின் தோல் பேட்டர்சன் வீட்டில் இருபத்தைந்து ஆண்டு தரைவிரிப்பாகக் கிடந்தது. பிறகு சிகாகோ ஃபீல்ட் மியூசியம் 5,000 டாலருக்கு வாங்கி, பஞ்சடைத்து, கண்ணாடிக்குள் நிறுத்தியது. இன்றும் கூட்டம் கூடிப் பார்க்கிறது. சிங்கங்களையும் தெரியும், சுட்டவரையும் தெரியும். தின்னப்பட்டவர்களில் இந்தக் கதையைச் சொல்கிறவர்களின் வாயில் வருவது பெரும்பாலும் ஒரே பெயர்தான்: உங்கன் சிங்.