பிள்ளை யாருடைய உடைமை?

தாயும் தந்தையும் பிரிந்து வாழத் தலைப்படும்போது பிள்ளை யாரிடம் வளரவேண்டும் என்ற வினா எழுகின்றது. அதனைப் பிள்ளையிடமே கேட்கலாமே என்ற எண்ணம் இன்று நமக்கு இயல்பாகத் தோன்றலாம். ஆயின், வரலாற்றை நோக்குமிடத்து, நீதிமன்றங்கள் இவ்வெண்ணத்தை வந்தடைய நெடுங்காலம் பிடித்தது என்பதைக் காண்கிறோம். தந்தையை முதன்மைப்படுத்திய சமுதாயத்தில் நிலமும் வீடும் போலவே பிள்ளையும் தந்தையின் உரிமைப் பொருளாயிற்று. உடைமைப் பொருளிடம் விருப்பம் கேட்பார் எவர்?

இதனை விளக்க ஒரு பெண்மணியின் வாழ்வில் நிகழ்ந்த இரு வழக்குகளே போதும். அப்பெண்மணி அன்னி பெசன்ட்.

கிறித்தவ மதகுருவான தம் கணவரை அவர் 1873 ஆம் ஆண்டிற் பிரிந்தார். மகன் டிக்பி தந்தையிடமும் மகள் மேபல் தாயிடமும் வளர்வதென உடன்படிக்கை செய்யப்பட்டது. பின்னர் அவர் நாத்திகக் கருத்துக்களை மேடைகளிற் பேசினார். 1877 இல் சார்ல்ஸ் பிராட்லோவுடன் சேர்ந்து கருத்தடை பற்றிய சிறு நூலொன்றை வெளியிட்டு, அதற்காகக் குற்றவாளிக் கூண்டிலும் நின்றார். ஆசாரம் மிக்க ஆங்கிலச் சமுதாயம் இதனைப் பொறுக்கவில்லை. 1878 இல் நீதிபதி சேர் ஜோர்ஜ் ஜெசல், எட்டு வயது நிரம்பாத மேபலைத் தந்தையிடம் ஒப்படைக்குமாறு தீர்ப்பளித்தார். நோயினின்றும் தேறிக்கொண்டிருந்த சிறுமி கதறக் கதறக் கொண்டுசெல்லப்பட்டதைத் தாய் தமது சுயசரிதையிற் பதிவுசெய்துள்ளார். தாயின் கொள்கை நிறுக்கப்பட்டது. மகளின் கண்ணீருக்குத் தராசில் இடமிருக்கவில்லை. வளர்ந்த பின்னர் இரு பிள்ளைகளும் தாமாகவே தாயை நாடி வந்தனர் என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

முப்பத்துநான்கு ஆண்டுகளின் பின் அதே பெண்மணி மீண்டும் நீதிமன்றத்தில் நின்றார், இம்முறை சென்னையில். பிள்ளையைப் பறிகொடுத்தவர், இப்போது பிறர் பிள்ளைகளைத் தர மறுத்தவராக நின்றார்!

மனைவியை இழந்த நாராயணையா என்னும் ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர், 1909 இல் தம் புதல்வர்களுடன் அடையாற்றுப் பிரமஞான சபைக்குப் பணிபுரிய வந்தார். அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தியே வரப்போகும் உலகாசான் எனச் சபைத் தலைவர்கள் நம்பினர். 1910 இல் கிருஷ்ணமூர்த்தியையும் தம்பி நித்தியானந்தாவையும் பெசன்ட் அம்மையாரின் பாதுகாவலில் விடுவதாகத் தந்தை எழுதிக் கொடுத்தார். சிறுவர்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மனம் மாறிய தந்தை 1912 இல் வழக்குத் தொடுத்தார். அம்மையார் தம் வழக்கைத் தாமே வாதாடினார். 1913 இல் நீதிபதி பேக்வெல் பிள்ளைகளைத் தந்தையிடம் மீள ஒப்படைக்குமாறு கட்டளையிட்டார். சென்னையில் மேன்முறையீடும் தோற்றது. 1914 மே மாதத்தில் இலண்டன் கோமறைக் கழகம் அத்தீர்ப்பை மாற்றியது.

எவ்வாறு மாற்றியது? தந்தை தாம் கொடுத்த பாதுகாவலை மீளப்பெறலாம் என்பதை அது மறுக்கவில்லை. ஆனால், சென்னை நீதிமன்றத்துக்கு இவ்விடயத்தில் அதிகாரமில்லை என்றது. அத்துடன், பிள்ளைகள் வழக்கில் இடம்பெறவில்லை, அவர்களது விருப்பம் அறியப்படவில்லை, இந்தியா திரும்ப விரும்பாதவர்களை வலிந்து அனுப்பவியலாது என்பனவற்றையும் சுட்டிக்காட்டியது. விவேகத்துடன் விருப்பம் தெரிவிக்கத்தக்க வயதினரின் விருப்பத்தை நீதிமன்றம் கவனிக்கலாம் என இந்தியாவின் 1890 ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டம் முன்னரே கூறியிருந்தது. ஏட்டில் இருந்தது, ஆயினும் பதினெட்டு வயதை எட்டிக்கொண்டிருந்த இளைஞனின் எதிர்காலத்தைப் பிறர் தீர்மானித்தனர்.

எனினும் நாம் இதனை ஒரு வெற்றியாக மாத்திரம் கொண்டாடுதல் தகாது. அவ்விருப்பம் யாருடைய விருப்பம்? நாள்தோறும் 'நீயே உலகாசான்' எனக் கேட்டு, செல்வர் இல்லங்களில் வளர்ந்த சிறுவன் ஓய்வூதியத்தில் வாழும் தந்தையிடம் திரும்ப விரும்பாமை வியப்பன்று. விருப்பமும் சூழலின் படைப்பே. உடையும் உணவும் வசதியும் உள்ளவர் பக்கம் பிள்ளையின் மனம் சாயுமாயின், ஏழைத் தாய்க்கும் ஏழைத் தந்தைக்கும் நீதி எங்கே? அதற்காகப் பிள்ளையின் வாயை அடைப்பதும் நீதியாகாது. 1929 ஓகஸ்ட் 3 ஆம் நாள், ஒல்லாந்தின் ஓமன் நகரில், தமக்கென அமைக்கப்பட்ட விண்மீன் சங்கத்தைக் கிருஷ்ணமூர்த்தி தாமே கலைத்தார். அக்குரல் தந்தையுடையதுமன்று, பாதுகாவலருடையதுமன்று.

நம் நாட்டிலும் உரோமன் டச்சுச் சட்டம் தந்தைக்கே முன்னுரிமை வழங்கிற்று. பிள்ளையின் நலன் என்ற கோட்பாடு படிப்படியாகவே வலுப்பெற்றது. தம்மைப் பாதிக்கும் விடயங்களிற் பிள்ளைகளின் கருத்து, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப மதிக்கப்படவேண்டும் எனக் கூறும் 1989 ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றது.

ஆசிரியராகிய நாம் வகுப்பறையில் இப்பிள்ளைகளைக் காண்கிறோம். 'அம்மாவா, அப்பாவா?' என்ற கேள்வி அவர்களுக்கு உரிமையாகவன்று, தண்டனையாகவே விழுகின்றது. ஒருவரைத் தெரிவுசெய்தால் மற்றவருக்குத் துரோகியாவோம் என அஞ்சுகின்றனர். பிள்ளையை நீதிபதியாக்கித் தீர்ப்பின் சுமையை அதன் தலையில் ஏற்றுதல் வேறு. அதன் சொல்லைப் பொறுமையுடன் கேட்டுப் பொறுப்பைப் பெரியோர் ஏற்றல் வேறு. பிள்ளை எவருடைய உடைமையுமன்று. இதனை உணரும் சமுதாயமே அதன் குரலைச் சரிவரக் கேட்கும்.