கட்டணச் சீட்டு இல்லாத ஒளி: இந்தியாவில் சூரியத் தெருவிளக்கின் வரலாறு குறித்து

சூரிய ஒளித் தெருவிளக்கின் வரலாறு பெரும்பாலும் சூரிய மின்தகட்டின் வரலாறாகவே எழுதப்படுகிறது. 1839இல் எட்மண்ட் பெக்கரல் ஒளிமின் விளைவைக் கண்டறிந்தார். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் ஏறத்தாழ 6 விழுக்காடு திறன் கொண்ட சிலிக்கான் கலத்தை உருவாக்கியது. 1958இல் அது வான்கார்டு 1 செயற்கைக்கோளுடன் விண்ணேறியது. ஆனால் தெருவிளக்குக்குப் பணி இரவில்தான். பகலில் திரட்டிய மின்சாரத்தை இரவுக்குக் காத்துவைக்கும் பேட்டரியும், அந்தப் பேட்டரியைக் காக்க வேண்டிய பொறுப்பும் இவ்வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை என்பதே என் வாதம்.

இதை உணர, கம்பிவழி வந்த ஒளியிலிருந்து தொடங்க வேண்டும். சிவசமுத்திரம் நீர்மின் நிலையம் 1902இல் கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் அளித்தது. 1905இல் பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. கம்பியோடு லைன்மேனும் பதிவேடும் மாதாந்திரக் கட்டணச் சீட்டும் வந்தன. ஒவ்வொரு மாதமும் யாரோ ஒருவர் அந்த விளக்கைக் கணக்கில் எடுத்தாக வேண்டியிருந்தது.

கம்பி எட்டாத ஊர்களுக்கான மாற்று, 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னரே கொள்கை வடிவம் பெற்றது. 1974இல் தொடங்கப்பட்ட சாகிபாபாத்தின் சென்ட்ரல் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம், 1977இல் நாட்டின் முதல் சூரிய மின்கலத்தையும், 1978இல் முதல் மின்தகட்டையும் உருவாக்கியது. 1982இல் மரபுசாரா எரிசக்தித் துறை அமைந்தது. அரசுத் திட்டங்களின் வழியே சூரியத் தெருவிளக்கு சிற்றூர்களை அடைந்தது.

நெடுங்காலம் நிலவிய அரசுத் தரநிர்ணயம் இது: 74 வாட் மின்தகடு, 12 வோல்ட் 75 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி, 11 வாட் சி.எஃப்.எல். விளக்கு. பகலில் மின்தகடு பேட்டரியை நிரப்பும். அந்தி சாய்ந்து மின்தகட்டின் மின்னழுத்தம் வீழ்ந்ததும், கட்டுப்பாட்டுக் கருவி அதையே அடையாளமாகக் கொண்டு விளக்கை ஏற்றும், விடியலில் அணைக்கும். 12 மணி நேர இரவுக்கு 132 வாட்-மணி தேவை. பேட்டரியின் கொள்ளளவோ 900 வாட்-மணி. ஆனால் ஈய-அமில பேட்டரியை முழுதாக வடியவிட்டால் அது விரைவில் கெடும். பாதியளவே பயன்படுத்தினால் ஏறத்தாழ மூன்று இரவுகளுக்குப் போதும். மழைக்காலத்தின் மூடுவானத்தை எதிர்கொள்ள வேண்டிய ஏற்பாடு அது.

இந்த அமைப்பின் சிக்கல், உறுப்புகளின் ஆயுள் வேறுபாட்டில் இருந்தது. மின்தகடு 25 ஆண்டுகள் உழைக்கும். பேட்டரி சில ஆண்டுகளே தாங்கும். அதுவும் காய்ச்சி வடித்த நீரைக் காலந்தோறும் ஊற்றி வந்தால்தான். ஊற்றுவது யார்? கம்பி இல்லாததால் லைன்மேன் இல்லை. கட்டணம் இல்லாததால் மாதக் கணக்கும் இல்லை. செலவில்லாத ஒளி என்று போற்றப்பட்ட அதே இயல்பு, விளக்கை நிர்வாகத்தின் நினைவிலிருந்து அகற்றியது. மின்தகடு பழுதின்றி நிற்க, அதன் கீழ் இருள் சூழ்ந்திருக்கும் கம்பங்கள் இவ்வாறே உருவாயின.

எல்.இ.டி. விளக்கும் லித்தியம் பேட்டரியும் தொழில்நுட்பச் சிக்கலைப் பெருமளவு தணித்தன. நீர் ஊற்ற வேண்டியதில்லை. குறைந்த மின்சாரத்தில் மிகுந்த ஒளி கிடைத்தது. 2016இல் தொடங்கிய அடல் ஜோதி யோஜனா, உத்தரப் பிரதேசம், பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் ஆகிய மாநிலங்களில் 7 வாட் எல்.இ.டி. தெருவிளக்குகளை நிறுவியது. செலவில் 75 விழுக்காட்டை மத்திய அமைச்சகமும், 25 விழுக்காட்டை நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியும் ஏற்றன. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் அந்நிதி நிறுத்திவைக்கப்பட்டபோது, திட்டத்தின் இரண்டாம் கட்டமும் நின்றது. கருவி மேம்பட்ட பின்னரும், விளக்கின் வாழ்வு ஆண்டுதோறும் உறுதியாக வரும் உள்ளூர் வருவாயோடு பிணைக்கப்படவில்லை.

தொழில்நுட்ப வரலாற்றை ஆராயும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திட்ட அறிக்கைகளில் நிறுவப்பட்ட விளக்குகளின் எண்ணிக்கை எளிதில் கிடைக்கும். அதோடு நிற்காமல், ஊராட்சிக் கணக்குகளில் பேட்டரி மாற்றியதற்கான செலவுப் பதிவைத் தேடுங்கள். நிறுவிய எண்ணிக்கை அரசின் விருப்பத்தைச் சொல்லும். அந்தச் செலவுப் பதிவே அத்தெருவில் ஐந்தாம் ஆண்டும் வெளிச்சம் இருந்ததா என்பதைச் சொல்லும்.