கான்சாகிப்பும் ஆயில் ஃபில்டரும்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்புப் பக்கம் போனால், மேற்குத் தொடர்ச்சி மலையடியில் கான்சாபுரம் என்றொரு ஊர் இருக்கிறது. வயலும் தென்னையும் சூழ்ந்த ஊர். பதினெட்டாம் நூற்றாண்டில் மதுரைச் சீமையை ஆண்ட கான்சாகிப் என்னும் யூசுப் கானின் பெயர்தான் ஊருக்கு நிலைத்தது என்பார்கள். அங்கே எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. அவரிடம், அவருடைய தகப்பனார் 1974ஆம் வருஷம் வாங்கிய அம்பாஸடர் கார் ஒன்று உண்டு. அதை விற்றுவிடச் சொன்னால் இரண்டு நாள் பேச மாட்டார்.

போன வருஷம் அந்தக் காரின் எஞ்சினில் 'டக் டக்' என்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. ராஜபாளையத்தில் வயதான மெக்கானிக் ஒருவர் பிரித்துப் பார்த்தார். கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்குகள் கீறல் விழுந்து தேய்ந்திருந்தன.

"ஆறு மாசத்துக்கு முன்னாலதானே புது ஃபில்டர் போட்டோம், அண்ணாச்சி!" என்றார் சிநேகிதர்.

"போட்டீங்கய்யா. அது வடிகட்டலையே!" என்றார் மெக்கானிக்.

ஃபில்டர் இருந்தும் வடிகட்டாமல் போவது எப்படி? இதை அறியக் கொஞ்சம் சரித்திரம் பார்க்க வேண்டும்.

மோட்டாரின் பால்யத்தில் ஃபில்டரே கிடையாது. ஹென்றி ஃபோர்டு 1908 முதல் 1927 வரை செய்த மாடல் டி காரில் எண்ணெய் பம்புகூட இல்லை. சுழலும் பாகங்களே அடியிலுள்ள எண்ணெயை வாரித் தெளித்துக்கொள்ளும். தூசி, கரி, இரும்புத் துகள் எல்லாம் அதோடு சேர்ந்து சுற்றும். அடிக்கடி எண்ணெயை மாற்றுவதுதான் அதற்கு வைத்தியம். 1923இல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லண்ட் என்பவர் ஒரு வடிகட்டியைச் செய்து, 'பியூர் ஆயில் லேட்டர்' என்ற சொற்களைச் சுருக்கி 'பியூரோலேட்டர்' என்று பெயரிட்டார். மறுவருஷம் வெளிவந்த கிரைஸ்லர் காரிலேயே ஃபில்டர் இடம் பிடித்துவிட்டது.

ஆனால் அந்நாளைய ஃபில்டர்களில் ஒரு குறை இருந்தது. பம்பிலிருந்து கிளம்பும் எண்ணெயில் ஒரு பகுதிதான் ஃபில்டர் வழியே போகும். மிச்சம் நேரே பேரிங்குக்கு ஓடிவிடும். குளத்தில் ஒரு குடம் மொண்டு, வடிகட்டி, மறுபடி குளத்திலேயே ஊற்றுகிற மாதிரிதான். எண்ணெய் முழுவதையும் வடிகட்டி அனுப்பும் முறை பிற்பாடு பரவியது. அதில் வேறொரு ஆபத்து. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் பேரிங் பட்டினி கிடக்குமே? அதற்காக ஒரு சிறு வால்வு வைத்தார்கள். அழுத்தம் மிஞ்சினால் அது திறந்து, வடிகட்டாத எண்ணெயையே அனுப்பும். எண்ணெய் இல்லாததைவிட அழுக்கெண்ணெய் தேவலை அல்லவா? 1954இல் அமெரிக்காவில், டப்பாவோடு திருகிக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைத் திருகும் ஃபில்டரும் வந்தது.

நம் அம்பாஸடருக்கு வருவோம். 1950களின் கடைசியில் வங்காளத்து உத்தரபாராவில் பிறந்து, 2014 வரை உற்பத்தியில் இருந்தது அது. முகம் அதிகம் மாறவில்லை. இருதயம் மாறிக்கொண்டே இருந்தது. நெடுங்காலம் 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், 1980இல் டீசல், 1990களில் ஜப்பானிய இசுசு எஞ்சின். ஆகையால் கடையில் போய் "அம்பாஸடர் ஃபில்டர் கொடுங்கள்" என்றால் பாதி விலாசம்தான் சொன்னதாகும். எந்த எஞ்சின், எந்த வருஷம் என்பதையும் சொல்ல வேண்டும். பழைய வண்டிகளில் எஞ்சினே மாற்றப்பட்டிருக்கலாம். அதனால் ஆர்.சி. புத்தகத்தை மட்டும் நம்பாமல் பானெட்டைத் திறந்து பார்த்துவிடுவது உத்தமம்.

சிநேகிதரின் வண்டியில் இருப்பது கிண்ண வகை. இரும்புக் கிண்ணத்துக்குள் காகித ஃபில்டர். அடியில் ஸ்பிரிங், தகடு, வாஷர். நடுவே எல்லாவற்றையும் இறுக்கும் நீண்ட போல்ட். ஸ்பிரிங் ஃபில்டரை மேலே தள்ளி இடைவெளி இல்லாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். அவருக்குக் கிடைத்த ஃபில்டரோ உயரத்தில் கொஞ்சம் குட்டை. போதாததற்கு, யாரோ கிண்ணத்தைக் கழுவும்போது வாஷரும் தொலைந்து போயிருக்கிறது. எண்ணெய் கெட்டிக்காரத்தனமாகச் சந்து வழியே போய்விட்டது. வெளியே ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆயில் மீட்டர் முள்ளும் சரியாகவே நின்றது. யாருக்குச் சந்தேகம் வரும்?

பழைய ஃபில்டரைக் கையோடு எடுத்துப்போய் உயரம், துவாரம் இரண்டையும் புதியதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றார் மெக்கானிக். பழையதே தப்பானதாக இருந்தால் ஒப்பிட்டும் பயனில்லை. அதனால் எஞ்சினுக்குரிய பார்ட் நம்பரையும் பார்க்கச் சொன்னார். பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய ரப்பர் வளையத்தைத் தோண்டி எடுக்காமல், அதன்மேலேயே புதியதை வைத்தால் எண்ணெய் பீறிடும். திருகும் வகையில் மரையே மோசம் செய்யும். முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர். 20 மில்லிமீட்டர் மரையுள்ள ஃபில்டர் அதில் ஏறும், இறுகியது போலவும் காட்டும். ஓடும்போது அழுத்தம் தாங்காமல் கழன்று போகும்.

இதைக் கேட்டபோது எனக்குக் கான்சாகிப்பின் ஞாபகம் வந்தது. 1763இலும் 1764இலும் ஆங்கிலக் கும்பெனியும் ஆர்க்காட்டு நவாபும் சேர்ந்து மதுரைக் கோட்டையை முற்றுகையிட்டார்கள். மதில் மசியவில்லை. கடைசியில், உள்ளே அவரோடு இருந்தவர்களே அவரைப் பிடித்துக் கட்டி எதிரியிடம் ஒப்படைத்தார்கள். 1764 அக்டோபர் 15ஆம் தேதி மதுரையில் தூக்கிலிட்டார்கள். கோட்டைக்கு மதில் மட்டும் போதாது. உள்ளே சந்து இருக்கக் கூடாது.

எஞ்சின் வேலைக்கு ஆன செலவைச் சிநேகிதர் இன்னும் வீட்டில் முழுவதும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் ஃபில்டர் மாற்றும் நாளில், மெக்கானிக் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். கிண்ணத்திலிருந்து வாஷர் வெளியே வந்ததும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். திரும்ப மாட்டும்போது அவரே எடுத்துக் கொடுக்கிறார்.